‘சம்பந்தி’க்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் உண்டா?

நடுப்பக்கம் எழுதியது:

ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

கதை இதுதான். தங்கை தன் மகனுக்கு அண்ணன் மகளை எடுக்கிறாள். வாழ்நாளெல்லாம் “அண்ணா, நீ வா, நீ போ” என்று பேசியவள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி சீர்வரிசையில் ஏதோ குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு. மண்டபத்தில் நாலு பேர் பார்க்க அண்ணனிடம் போய் நின்று, “என்ன சம்பந்தி, எங்க ஆளுங்க சாப்பிட்டாங்களான்னு யாராவது பாத்தீங்களா?” என்கிறாள். அண்ணன் வாயடைத்துப் போகிறார். கதையின் கழுத்து நரம்பே அந்த ஒரு விளியில்தான் இருக்கிறது.

‘மகனின் மாமனார்’ என்று விளக்கி எழுதினால் அது கூப்பிடும் சொல் ஆகாது. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பும் கூடாது, கடைசியில் சொற்பட்டியலும் கூடாது என்கிறார். ஒற்றைச் சொல் வேண்டும், அதுவும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதாக. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தேடல்திலகம் எழுதியது:

கோ-ஃபாதர்-இன்-லா. பெண்ணுக்கு கோ-மதர்-இன்-லா. சகலையை நம் ஊர் ஆங்கிலத்தில் கோ-பிரதர் என்கிறோம், ஓர்ப்படியை கோ-சிஸ்டர் என்கிறோம், அதே கணக்கு. இழையை மூடிவிடலாம்.

நடுப்பக்கம் எழுதியது:

அவசரப்படாதீர்கள் சார். அந்தச் சொல்லை நானும் பார்த்தேன், மானிடவியல் கட்டுரைகளில். எந்த ஊர் மண்டபத்தில் எந்த அம்மாள் “வாட், கோ-ஃபாதர்-இன்-லா?” என்று கேட்பாள்? கணினியில் பிழைச்செய்தி வந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கோ-பைலட், கோ-ஆதர் என்று வரும் இடமெல்லாம் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்க்கும் இரண்டு பேரைக் குறிக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கில வாசகர் இதைப் படித்தால், ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு மாமனாரோ என்றுதான் நினைப்பார். சம்பந்திகள் எதிரெதிர்ப் பந்தியில் உட்காருகிறவர்கள்.

தண்டையார்பேட்டை எழுதியது:

கேரளாவில் போய்ச் சம்மந்தி கேளுங்கள், தேங்காய் அரைத்துக் கொடுப்பார்கள். அதற்காவது ஆங்கிலத்தில் சட்னி என்று ஒரு சொல் இருக்கிறது.

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே மலாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘பேசான்’ என்று ஒரே சொல், ஆண் பெண் இருவருக்கும் அதுதான். எங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் சம்பந்தி என்பார்கள், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் பேசும்போது பேசான் ஆகிவிடும்.

நடுப்பக்கம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மல்லாடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஏனென்றால் உலகத்தில் பாதிப் பேரிடம் இந்தச் சொல் இருக்கிறது. ஸ்பானிஷில் கொன்சுவெக்ரோ, பெண்ணுக்குக் கொன்சுவெக்ரா. சம்பந்தி ஆவதற்கென்றே ஒரு வினைச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் சிம்பெதெரோஸ். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் உண்டு, அமெரிக்காவுக்குப் போன குடும்பங்கள் ஆங்கிலம் பேசும்போதும் அந்தச் சொல்லை அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். இந்தியில் சம்தி, தெலுங்கில் வியங்குடு, கன்னடத்தில் பீகரு. ஆங்கிலத்துக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வழக்குக்கட்டு எழுதியது:

கிள்ளான்வாசி கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு விடை அகராதியில் இல்லை, பழைய திருமணச் சட்டத்தில் இருக்கிறது என்பது என் ஊகம்.

ஃபாதர்-இன்-லா, சிஸ்டர்-இன்-லா என்பதில் வரும் அந்த ‘லா’ கோர்ட்டுச் சட்டம் இல்லை. திருச்சபைச் சட்டம். யார் யாரைக் கட்டக்கூடாது என்று திருச்சபை ஒரு பட்டியல் வைத்திருந்தது. கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஓருடல், அதனால் மனைவியின் தங்கை உனக்கும் தங்கை, சட்டப்படி தங்கை, அவளைத் தொடாதே என்று அர்த்தம். ‘இன்-லா’ அன்பைச் சொல்ல வந்த ஒட்டு இல்லை, தடைப்பலகை. இங்கிலாந்தில் மனைவி செத்த பிறகு மச்சினியைக் கட்டிக்கொள்ள 1907 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. நம் ஊரில் பிள்ளைகளுக்காக முதலில் கேட்கும் இடமே மச்சினிதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டத்தில் லத்தீனில் ஒரு விதி உண்டு: கல்யாண உறவு இன்னொரு கல்யாண உறவைப் பெற்றெடுக்காது. அதாவது தடை தம்பதியைத் தாண்டாது. என் மனைவியின் தங்கை எனக்குத்தான் ஆகாது, என் தம்பி தாராளமாகக் கட்டலாம். அந்தக் கணக்கில் என் மகளைக் கட்டிய பையன் எனக்கு உறவு, அவனைப் பெற்ற அப்பா எனக்கு யாருமே இல்லை. தெருவில் போகிறவர் மாதிரி. தடை இல்லாத இடத்தில் பெயர் வைக்க அவர்களுக்கு வேலையும் இல்லை.

ஆக, ஆங்கிலத்தில் சொல் காணாமல் போகவில்லை. அந்த உறவே அங்கே கிடையாது.

பழையபேப்பர் எழுதியது:

வழக்குக்கட்டு சார் சொன்னதற்கு ஒரு எதிர்ச்சான்று கொண்டுவரலாம் என்று தேடினேன். கிடைத்தது ஆதரவுச் சான்று.

ஞானஸ்நானத்தில் பிள்ளையின் ஞானப்பெற்றோருக்கும் பெற்ற தாய் தகப்பனுக்கும் உறவு உண்டாகிறது என்று அதே திருச்சபைச் சட்டம் சொன்னது. அங்கே கல்யாணத் தடையும் இருந்தது. உடனே பழைய ஆங்கிலத்தில் ‘காட்-சிப்’ என்று ஒரு சொல்லும் இருந்தது, கடவுள் வழிச் சொந்தம் என்ற பொருளில். அதுதான் பிரசவ அறையில் கூடிப் பேசும் தோழிமாருக்கு ஆகி, தேய்ந்து, இன்றைய காஸிப் ஆனது. தடை இருந்தது, சொல்லும் இருந்தது. சம்பந்திக்குத் தடையும் இல்லை, சொல்லும் இல்லை.

ஆனால் ஒன்று. வெள்ளைக்காரர்களுக்குச் சம்பந்தம் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நடுப்பக்கத்தின் கதை மாதிரியே இங்கிலாந்து அரச குடும்பத்திலும் நடந்திருக்கிறது. 1840-இல் விக்டோரியா ராணி ஆல்பர்ட்டைக் கட்டினார். ராணியின் அம்மாவும் ஆல்பர்ட்டின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அக்கா தம்பியா, அண்ணன் தங்கையா என்று தேடிப் பார்த்தேன், அண்ணன் தங்கைதான். ஆல்பர்ட் கட்டியது அசல் அத்தை மகளை. அண்ணனும் தங்கையும் சம்பந்தி ஆனார்கள், அதைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை.

சார்லஸ் டார்வின் வீடு இன்னும் சுவாரசியம். அவர் அம்மா வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண், பீங்கான் செய்த அதே வெட்ஜ்வுட். 1837-இல் டார்வினின் அக்கா கரோலின் தாய்மாமன் மகனைக் கட்டினார். 1839-இல் டார்வின் அந்த மாப்பிள்ளையின் தங்கை எம்மாவைக் கட்டினார். அதாவது தாய்மாமன் மகளை. நம் பக்கத்தில் இதைப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தது என்போம். மச்சான்களாக இருந்த இரண்டு அப்பாக்கள் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை சம்பந்தி ஆகியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பிரதர்-இன்-லா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரே சொல்லில் மச்சானும் அடக்கம், கொழுந்தனும் அடக்கம், பல நேரம் சகலையும் அடக்கம்.

மாட்டுவண்டிச்சாலை எழுதியது:

@பழையபேப்பர், இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது உங்களுக்கு?

பழையபேப்பர் எழுதியது:

ஓய்வு பெற்றவன் ஐயா. இன்னும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்க வக்கீல் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலக உறவுமுறைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் போட்டார். நியூயார்க் மாநிலத்துச் செனெக்கா பழங்குடியினரின் உறவுச்சொற்களும் தமிழ் உறவுச்சொற்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதைப் பார்த்து அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். பெரியப்பா சித்தப்பா இருவரும் அப்பா வரிசை, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, தாய்மாமன் மட்டும் தனி வரிசை. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள். இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்டதில் நம் அத்தை மாமாவுக்குப் பங்கு உண்டு.

மட்டுவிலான் எழுதியது:

வணக்கம் அண்ணைமார். கனடாவில் இருக்கிறேன். உங்கள் ஆராய்ச்சி நல்லாயிருக்கு, ஆனால் என்னைப் போல விண்ணப்பம் நிரப்புகிறவனுக்கு ஒரு வழி சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மகளின் மாமன் மாமியை இங்கே வரவழைக்க அழைப்புக் கடிதம் எழுதினேன். ‘உறவு’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று யோசித்தேன். ஒரு தம்பி ‘ரிலேட்டிவ்’ என்று போடச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அப்படிப் போட்டால் எந்த வழிச் சொந்தம் என்று அடுத்த கேள்வி வரும். ‘மை டாட்டர்ஸ் ஃபாதர்-இன்-லா’ என்று நீட்டி எழுதினேன். யார், எந்த வழி, யாருடைய பக்கம் எல்லாம் அதற்குள் இருக்கு. படிவத்துக்கு ஒற்றைச் சொல் தேடி மினக்கெட வேண்டாம்.

இன்னொன்று கவனித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தன் மகனின் மாமியாரைப் பற்றிப் பேசும்போது பேரப்பிள்ளை பிறக்கும் வரை ‘மை சன்ஸ் இன்-லாஸ்’ என்றுதான் சொல்லுவா. பிள்ளை பிறந்த பிறகு ‘தி அதர் கிராண்ட்மா’ ஆகிவிட்டா. எங்களுக்கு நிச்சயதார்த்தத் தட்டு மாற்றின உடனேயே சம்பந்திமார். அவர்களுக்குப் பிள்ளை வந்து முடிச்சுப் போடவேண்டியிருக்கு.

வழக்குக்கட்டு எழுதியது:

மட்டுவிலான் சொன்னது அருமை. பேரப்பிள்ளையிடம் இரண்டு பேருக்கும் ரத்த உறவு உண்டு, ஆகவே அங்கே சொல்லும் கிடைத்துவிடுகிறது. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம்.

தேடல்திலகம் எழுதியது:

சட்டம், சரித்திரம் எல்லாம் சரி. நான் இன்னும் என் கட்சியை விடவில்லை. ப்ரீபோன் என்ற சொல்லை நாம் சொன்னபோது சிரித்தார்கள், இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கிறது. இருபது எழுத்தாளர்கள் துணிந்து கோ-இன்-லா என்று எழுதட்டும், அதுவும் ஒருநாள் உள்ளே போகும். ஆங்கிலம் நம்முடையதும்தான்.

நடுப்பக்கம் எழுதியது:

உங்களோடு அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ப்ரீபோன் யாரும் உட்கார்ந்து செய்த சொல் மாதிரி இல்லை. போஸ்ட்போன் ஏற்கெனவே இருந்தது, அதைத் திருப்பிப் போட்டதும் கேட்டவுடனே புரிந்தது, அலுவலகத்தில் தினமும் தேவையும் இருந்தது. சம்பந்தியைப் பற்றி ஆங்கிலத்தில் தினமும் பேசுகிற தமிழர் எத்தனை பேர்? வீட்டுக்குள் ஆங்கிலமே பேசுகிற குடும்பத்தில்கூட இந்த ஒரு சொல் தமிழிலேயேதான் வருகிறது. புழங்காத சொல்லைக் கதையில் போட்டுப் பழக்கப்படுத்தும் பொறுப்பை என் தங்கைக் கதாபாத்திரத்தின் தலையில் கட்டமுடியாது. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரே வேலை, அண்ணனைக் குத்துவது.

கொல்லிமலைத்தேன் எழுதியது:

பேசாமல் ‘சம்பந்தி’ என்றே விட்டுவிடுங்களேன். சாரி, கறி, குரு எல்லாம் போகவில்லையா?

வழக்குக்கட்டு எழுதியது:

விடலாம், ஆனால் வழியில் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதைப் படிக்கும் இந்தி வாசகர் சொந்தக்காரர் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார், அங்கே சம்பந்தி என்றால் யாரோ ஒரு உறவினர், நம் சம்பந்திக்குத்தான் சம்தி. மானிடவியல் படித்தவருக்கோ சம்பந்தம் என்றால் மலபார் நாயர் குடும்பங்களின் பழைய மணமுறை ஞாபகத்துக்கு வரும். அதைப் பதிவு செய்ய 1896-இல் தனிச் சட்டமே வந்தது. அடிக்குறிப்பு இல்லாமல் இந்த இரண்டையும் தாண்டுவது சிரமம்.

உத்திராடம் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் சொல்லையே பார்க்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது, அதை யாரும் தொடவில்லை. வாழ்நாளெல்லாம் ‘நீ’ என்று பேசியவள் ‘பாத்தீங்களா’ என்கிறாள். அண்ணனைக் குத்தியது சம்பந்தி மட்டும் இல்லை, அந்த ‘ங்க’வும்தான். கூடப்பிறந்தவளிடமிருந்து திடீரென்று மரியாதை வந்தால் அதைவிட அவமரியாதை என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’. நாளைக்கே சம்பந்திக்கு அருமையான சொல் கிடைத்தாலும் இந்த அடி விழாது.

என் யோசனை: விளியை விட்டுவிடுங்கள். முகத்துக்கு நேரே நின்றுகொண்டே அவரைப் படர்க்கையில் பேசட்டும். ‘தி ஃபாதர் ஆஃப் தி பிரைட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் ஊறிக்கிடக்கிறது. கல்யாணச் செலவு, வரவேற்பு, பொண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். கதையில் அதுவரை ‘அண்ணா, யூ’ என்று வந்தவள் இங்கே மட்டும் அண்ணனைப் பார்த்து, பெண்ணைப் பெற்றவர் இதைக் கவனித்தாரா என்று கேட்டால் ‘யூ’வும் போய்விடும், அண்ணனும் போய்விடுவார். நம் பக்கத்திலும் கோபம் வந்தால் இப்படித்தானே, “பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அதெல்லாம் தெரியணும்” என்று ஆளை எதிரில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசுவோம்.

கிள்ளான்வாசி எழுதியது:

உத்திராடம் அக்காவுக்கு ஒரு சீர்வரிசைத் தட்டு பார்சல்.

பழையபேப்பர் எழுதியது:

நல்ல யோசனை அம்மா. ஒரு சின்ன ஆட்சேபம் மட்டும். பெண்ணின் தகப்பன் என்பது கல்யாணத்தன்றைக்கு மட்டும் உள்ள பதவி, சாப்பாட்டு இலை எடுத்ததும் முடிந்துபோகும். சம்பந்தி ஆயுளுக்கும். கதையில் இந்தச் சொல் வேறு இடத்தில் வருகிறதா என்பதைப் பொறுத்து இருக்கிறது.

நடுப்பக்கம் எழுதியது:

வருகிறது ஐயா, ஒரே இடத்தில். பேத்திக்குக் காது குத்தும் விசேஷத்தில் யாரோ “இவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்க, அவள் “சம்பந்தி” என்கிறாள். அண்ணன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அங்கே பெண்ணின் தகப்பன் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் மட்டுவிலான் எனக்குத் தெரியாமலே அதற்கு வழி செய்து கொடுத்துவிட்டார். “ஹீ இஸ் தி அதர் கிராண்ட்ஃபாதர்.” பேத்தி மடியில் இருக்கிறாள், அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், அவள் அவரை அந்தப் பக்கத்துத் தாத்தா ஆக்கிவிடுகிறாள். சுடுகிறது, இல்லையா?

ஆக ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு ஆங்கிலத் தொடர். ஒற்றைச் சொல் கேட்டு வந்தேன், கிடைக்கவில்லை, பரவாயில்லை. மண்டபக் காட்சியை இப்படி எழுதிப் பார்த்தேன்: “ஹேஸ் தி ஃபாதர் ஆஃப் தி பிரைட் நோட்டிஸ்ட் வெதர் அவர் பீப்பிள் ஹேவ் ஈட்டன்?”

உத்திராடம் எழுதியது:

‘நோட்டிஸ்ட்’ கொஞ்சம் அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘ட்ரபுள்ட் டு ஆஸ்க்’ என்று போட்டுப் பாருங்கள், கேட்கக்கூடச் சிரமப்படவில்லையா என்ற தொனி வரும்.

தேடல்திலகம் எழுதியது:

கோ-ஃபாதர்-இன்-லாவை ஒரு தடவையாவது எங்கேயாவது சொருகக் கூடாதா?

நடுப்பக்கம் எழுதியது:

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள் சார், திரும்பிப் பார்த்தார் என்றால் அடுத்த கதையில் சேர்க்கிறேன். உத்திராடம், ‘ட்ரபுள்ட் டு ஆஸ்க்’ எடுத்துக்கொண்டேன். இன்று ராத்திரி பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிடுகிறேன்.

மாட்டுவண்டிச்சாலை எழுதியது:

போகிற போக்கில், ‘மொய்’க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘கிஃப்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திருப்பிச் செய்யவேண்டியதை எவனும் கிஃப்ட் என்று சொல்லமாட்டான், நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.